கிடை போட்டால் யூரியாவைக் குறைக்கலாமா?

கேள்வி (மன்னார்குடி விவசாயி): உளுந்து எடுத்தாச்சு, குறுவைக்கு இன்னும் நாள் இருக்கு. ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் (ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போய் மேய்ப்பவர்கள்) ஊருக்குள் வந்திருக்கிறார்கள். ஆட்டுக்கிடை போட்டால், அதாவது ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்து வைத்தால், உண்மையிலேயே உரச்செலவு குறையுமா?

பதில் 1: தாராளமாகப் போடுங்க. சாணியை விட ஆட்டுப் புழுக்கையில் தழைச்சத்து (யூரியாவில் இருக்கும் நைட்ரஜன்) அதிகம், மூத்திரமும் நேரே மண்ணில் இறங்கிவிடும். ஒரே இடத்தில் நிறுத்தாமல் தினமும் கிடையை மாற்றச் சொல்லுங்க, அப்புறம் காயவிடாமல் உடனே மேலாக உழுதுவிடுங்க, இல்லாவிட்டால் தழைச்சத்து பாதி காற்றோடு போய்விடும். எங்கள் வயலில் அடியுரமே போடவில்லை, பயிர் கரும்பச்சையாக நின்றது.

பதில் 2: என் அப்பா கீதாரி. தண்ணீர் இருக்கிற இடத்தைக் காட்டுங்க, பேசிய கூலியை அன்றன்றே கொடுத்துவிடுங்க, அதுவே பெரிய உதவி. பகலெல்லாம் மேய்த்துவிட்டு ராத்திரி நரிக்கும் நாய்க்கும் காவல் இருந்து, குட்டிகளைக் குடாப்பு என்ற கூடைக்கூண்டில் அடைத்துக் காப்பாற்றி, மழை தொடங்கும்வரை வீட்டைப் பார்க்காமல் கிடப்பவர்கள் அவர்கள். மேய்ச்சல் நிலம் வருஷா வருஷம் சுருங்குகிறது, என் தம்பி ஆட்டை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்டான்.

கேட்டவர்: சரிங்க, போர்செட் தொட்டியை அவர்களுக்குத் திறந்துவிடுகிறேன். நாளைக்கே பேசுகிறேன்.