அம்மாவுக்கு எடை ஏறவில்லை, வயிறு மட்டும் பெருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பெரம்பூர் மகள்:
அம்மாவுக்கு 59 வயது. இரண்டு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்தது. ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோனால் வளரும் வகை என்பதால் தினமும் லெட்ரோசோல் மாத்திரை. எடை அன்றும் இன்றும் 54 கிலோதான், கை கால் குச்சி. ஆனால் பாவாடை நாடா எட்டவில்லை என்கிறார். வயிற்றுக் கொழுப்பு இருந்தால் நோய் திரும்பும் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. செக்கப்பில் எடையைப் பார்த்துவிட்டு நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள்.

அடையாறு அக்கா:
முதலில் இதைச் சொல்லுங்கள்: வயிறு எத்தனை நாளில் பெருத்தது? சில வாரத்தில் உப்பி, இறுக்கமாக, பசி குறைந்து, மூச்சு வாங்கினால் அது கொழுப்பாக இல்லாமல் நீர் கோத்ததாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் போங்கள்.

பெரம்பூர் மகள்:
இல்லை அக்கா, ஒன்றரை வருடமாக மெதுவாகத்தான். தொட்டால் மெத்தென்று இருக்கிறது.

டயட்டீஷியன், கே.கே. நகர்:
அப்படியானால் எடை மெஷினை விட்டுவிட்டு டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் அளக்கணும். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். கீமோவில் தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்தால் எடை மாறாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது, அரோமட்டேஸ் என்ற நொதியால். லெட்ரோசோல் தடுப்பது அதைத்தான். அதனால் மூட்டு வலிக்கிறது என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். குடலைச் சுற்றிய கொழுப்பு இன்சுலினையும் உள்ளழற்சியையும் வேறு ஏற்றிவிடும். நோய் திரும்புவதோடு இதற்குத் தொடர்பு பேசப்படுவது இதனால்தான். தொடர்பு என்றால் திரும்பியே தீரும் என்று அர்த்தமில்லை. தொப்பை குறைந்தால் திரும்பவே திரும்பாது என்று பொடி விற்பவரையும் நம்ப வேண்டாம்.

பட்டினி போடாதீர்கள், இருக்கிற தசையும் போய்விடும். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து சுண்டலோ முட்டையோ சேருங்கள்.

அடையாறு அக்கா:
நடையோடு லேசான வெயிட்டும் தூக்கச் சொல்லுங்கள். அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் வெயிட் தூக்கினால் கை வீங்கும் என்று பயமுறுத்துவார்கள். எனக்கும் எடுத்தார்கள். பிசியோதெரபிஸ்ட் பார்வையில் அரைக் கிலோவில் ஆரம்பித்தேன், இப்போது தண்ணீர்க் குடம் தூக்குகிறேன்.

பெரம்பூர் மகள்:
அளந்துவிட்டேன். டேப்பின் இன்ச் பக்கத்தைப் பார்த்து 35 என்று துள்ளிக் குதித்தேன். திருப்பினால் 89. சரி, வியாழக்கிழமை செக்கப்பில் இதை எழுதிக் கொடுத்து, சர்க்கரை டெஸ்டும், லெட்ரோசோல் எடுப்பதால் எலும்பு அடர்த்தி ஸ்கேனும் கேட்கிறேன்.