புகை அடித்தும் கொசு குறையவில்லை: செப்டிக் டேங்குக்கு என்ன செய்யலாம்?

ஓ.டி. தெருவாசி:
கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம், 60 வீடுள்ள தெரு. புகை அடித்த இரண்டாம் நாளே கொசு பழையபடி வந்துவிடுகிறது. கடி எல்லாம் ராத்திரியில்தான். யானைக்கால் உள்ளவர்கள் தெருவில் இருப்பதால் கவலையாக இருக்கிறது. குடியிருப்போர் சங்கத்தில் கொஞ்சம் பணம் இருக்கிறது. எதில் போட்டால் பலன் கிடைக்கும்?

புதுவை பூச்சியியல்:
ராத்திரிக் கடி என்றால் பெரும்பாலும் க்யூலெக்ஸ் வகைக் கொசுதான். யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுவே. புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், டேங்குக்குள் போகாது. முட்டை கொசுவாக நம்மூர் வெயிலுக்குப் பத்து நாள் போதும். அதனால் உள்ளேயிருந்து தினமும் புதுசு கிளம்பிக்கொண்டே இருக்கும்.

முதலில் எந்த டேங்க் என்று பாருங்கள். சாயங்காலம் 5 மணிக்கு வென்ட் பைப் வாயில் கொசுவலைத் துணியைப் பை மாதிரி கட்டிவிட்டு, காலையில் உள்ளே சிக்கியதை எண்ணுங்கள். கொசு வருகிற குழாய்க்கெல்லாம் நைலான் வலையை நிரந்தரமாகக் கட்டுங்கள். பாலிதீன் கவரால் மூடக் கூடாது, வாயு வெளியேற வழி வேண்டும். வெயிலில் வலை நைந்துபோகும், ஐப்பசிக்கு முன் ஒருமுறை பார்த்து மாற்றுங்கள். மூடியின் ஓர விரிசலைச் சிமெண்டால் அடையுங்கள். இதை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் கட்டினால் கொசு விரிசல் வழியாக வரும். டேங்கைத் திறந்து தலையை உள்ளே நீட்டவே வேண்டாம், விஷவாயு ஆளைச் சாய்த்துவிடும்.

சாக்கடை மேற்பார்வை:
திறந்த சாக்கடைக்கு, கொசுப் புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. பாக்டீரியா தூள். புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி மையமான வி.சி.ஆர்.சி.யின் பி-17 ரகமும் இந்த வகைதான். பாக்கெட்டில் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று இருக்கும். 5 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு அரை கிராம். அரை மீட்டர் அகலம், 200 மீட்டர் நீளச் சாக்கடைக்கு 50 கிராம். தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். அழுக்குத் தண்ணீரில் வீரியம் சீக்கிரம் போய்விடும், வாரம் ஒருமுறையாவது அடிக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. புழு இதைத் தின்றால்தான் சாகும்; கூட்டுப்புழு எதையும் தின்னாது. கரண்டியில் மொண்டு பார்க்கும்போது காற்புள்ளி மாதிரி சுருண்டு துள்ளுவதுதான் கூட்டுப்புழு. அது நிறைய இருந்தால் இன்னும் ஓரிரு நாள் கொசு வரத்தான் செய்யும். மருந்து வேலை செய்யவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அடித்த மறுநாள் புழு குறைந்ததா என்று பாருங்கள். சாக்கடையில் அடைப்பு எடுக்காமல் அடித்தால் குப்பைக்கு அடியில் மருந்து போகாது.

ஓ.டி. தெருவாசி:
நன்றி சார். உறிஞ்சிகுழிகளில் தெர்மாகோல் மணி போடலாம் என்கிறார்களே?

புதுவை பூச்சியியல்:
போடலாம், மூடிய குழிகளில் மட்டும். புழு மூச்சுவிட மேலே வர முடியாது, தாய்க்கொசுவுக்கும் முட்டையிடத் தண்ணீர் கிடைக்காது. மேற்பரப்பு முழுக்க 1 செ.மீ. கனம் வேண்டும், அதாவது சதுர மீட்டருக்கு 10 லிட்டர் மணி. டிவி பெட்டித் தெர்மாகோலை உடைத்துப் போட்டால் இடைவெளி விழும், பயனில்லை. 2 மி.மீ. உருண்டைகளாக வாங்குங்கள். கழிவு லாரி உறிஞ்சினால் மணியும் போய்விடும், மறுபடி போட வேண்டும். 2015 மாதிரி வெள்ளம் ஏறுகிற தாழ்வான குழிகளில் போடவே போடாதீர்கள், மணி மிதந்து கெடிலம் ஆறு வரை போகும்.

திருக்கோவிலூர் பக்கத்துக் கிராமங்களில் மதுரை ஆய்வு மையத்தினர் இதைச் சோதித்தார்கள். யானைக்கால் நோய்க்கான மாத்திரையோடு குழிகளில் மணியும் கிணறுகளில் மீனும் சேர்த்த ஊர்களில், மாத்திரை நிறுத்திய பிறகும் பலன் நீடித்தது. மாத்திரை மட்டும் கொடுத்த ஊர்களில் அது நிலைக்கவில்லை. 2007-ல் வெளியான ஆய்வு. நான் வலைக்கும் மணிக்கும் பணத்தைப் போடச் சொல்வது இதனால்தான்.

பி.எச்.சி. ஆய்வகம்:
யானைக்கால் உள்ளவர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். கால் வீங்கியவர் ரத்தத்தில், கொசு வழியாக நோயைப் பரப்பும் நுண்புழு பெரும்பாலும் இருக்காது. ஒரு குறையும் தெரியாத ஆளிடம் இருக்கலாம். ராத்திரி 10 மணிக்கு மேல்தான் அது விரல் ரத்தத்தில் தெரியும். பகலில் எடுத்த ரத்தத்தில் நுண்புழு தேடும் டெஸ்ட்டை நம்பாதீர்கள். யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரை தெருவுக்கு வந்தால் வீட்டில் வாங்கி வைக்காமல், கொடுப்பவர் முன்னாலேயே சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள், 2 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள், கடும் நோயாளிகளுக்கு மட்டும் கிடையாது.