கூகுளில் ஹெச்-இன்டெக்ஸ் 13, ஸ்கோபஸில் 8: அறிக்கையில் எதைப் போடுவது? வலைப்பின்னல் படத்திலும் ஒரு குழப்பம்

நூலகம்_தருமபுரி

வணக்கம். தருமபுரியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் ஆண்டறிக்கைக்காகக் கேட்கிறேன். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பற்றி ஆய்வு செய்யும் ஒரு பேராசிரியரின் சைட்டேஷன் (பிறர் மேற்கோள் காட்டிய) கணக்கும், யாரோடெல்லாம் சேர்ந்து எழுதியிருக்கிறார் என்ற வலைப்பின்னல் படமும் வேண்டும். மொத்தம் 52 கட்டுரைகள். ஹெச்-இன்டெக்ஸ், அதாவது குறைந்தது அத்தனை முறை மேற்கோள் பெற்ற அத்தனை கட்டுரைகள் என்ற எண், கூகுள் ஸ்காலரில் 13 காட்டுது, ஸ்கோபஸ் தளத்தில் 8 காட்டுது. துறையில் 13ஐப் போடச் சொல்றாங்க.

இன்னொன்று. ஸ்கோபஸ் சி.எஸ்.வி கோப்பை வெளியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இறக்கி வாங்கி, வலைப்பின்னல் படம் வரையும் வாஸ்வியூவர் மென்பொருளில் போட்டால், அவர் பெயரிலேயே மூணு வட்டம் வருது. அதில் பெரிய வட்டம் படத்துக்கு நட்டநடுவில் இருக்கு. "இத்துறையின் மைய ஆய்வாளர்" என்று அதன் கீழே எழுதலாமா?

தொப்பூர்_கணவாய்

13, 8 இரண்டும் சரிதான், எண்ணிய இடம்தான் வேறு. கூகுள் ஸ்காலர் முனைவர் பட்ட ஆய்வேடு, கருத்தரங்க மலர், முன்பதிப்பு எல்லாவற்றிலும் வரும் மேற்கோளை எண்ணும். ஸ்கோபஸ் தன் பட்டியலில் உள்ள இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுதிகளை மட்டும் எண்ணும். கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற இரண்டு மேற்கோள் தளங்களின் தரவைத்தான் எடுக்கிறது. ஆகவே 8ஐ முதலில் போட்டு, அடுத்த வரியில் 13ஐப் போடுங்கள். இரண்டுக்கும் பக்கத்தில் தளத்தின் பெயரும் பார்த்த தேதியும் இருக்கணும். அவை இல்லாத ஹெச்-இன்டெக்ஸை அடுத்த வருடம் யாராலும் சரிபார்க்க முடியாது.

அதற்கு முன் அந்த 13 உண்மையிலேயே 13தானா என்று பாருங்கள். நம் ஊர்ப் பெயர்களின் தலைவலி இது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு "க. முருகன்" என்று எழுதுகிறோம். ஒரு இதழ் அதை "முருகன் க." ஆக்கும். இன்னொன்று இனிஷியலை விரித்து அப்பா பெயரையே குடும்பப் பெயராக்கிவிடும். ஊர்ப் பெயருக்கும் ஒரு எழுத்துப் போட்டால் அதுவும் ஒரு தனி ஆள். கூகுள் ப்ரொஃபைலில் கட்டுரைகள் தானாகச் சேரும் அமைப்பு இருந்தால், வேறு க. முருகன்கள் எழுதியதும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். அந்த அமைப்பை மாற்றி, மின்னஞ்சலில் கேட்டபின் சேர்க்கும்படி வையுங்கள். 52ஐயும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். மேற்கோள் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், வேறு கட்டுரையின் மேற்கோளும் அதில் கலந்திருக்கலாம். அந்த எண்ணைத் தட்டிப் பார்க்காமல் விடாதீர்கள்.

ஸ்கோபஸில் இதற்கு நேர்மாறு. அங்கே ஒரே ஆள் மூன்று ஆத்தர் ஐ.டி.யாகச் சிதறிக் கிடப்பார். ஆசிரியர் தேடல் பக்கம் சந்தா இல்லாமலே திறக்கும். அங்குள்ள ஆத்தர் ஃபீட்பேக் படிவத்தில் ஐ.டி.களைச் சேர்க்கக் கேட்கலாம். ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாளமான ஆர்க்கிட் எண் இல்லையென்றால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள், கட்டணம் கிடையாது. சேர்த்த பிறகு அந்த 8 கூடவும் வாய்ப்பு உண்டு.

கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 10 கட்டுரைகளின் மேற்கோள்கள் இறங்குவரிசையில் 41, 33, 20, 14, 11, 9, 8, 8, 6, 3 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் 1, 2, 3 என்று வரிசை எண் போடுங்கள். மேற்கோள் வரிசை எண்ணுக்குக் குறையாமல் இருக்கும் கடைசி வரிதான் ஹெச். 8ஆம் வரியில் 8 இருக்கிறது, 9ஆம் வரியில் 6தான் இருக்கிறது, ஆக ஹெச் 8. ஹெச்-இன்டெக்ஸை உருவாக்கிய ஹிர்ஷ் 2005இல் சொன்னது இவ்வளவுதான். முதல் கட்டுரைக்கு 41க்குப் பதில் 410 வந்தாலும் ஹெச் 8தான். அந்தக் குறைக்காக எக்கே 2006இல் கொண்டுவந்தது ஜி-இன்டெக்ஸ். மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்து, கூட்டுத்தொகை வரிசை எண்ணின் வர்க்கத்துக்குக் குறையாத கடைசி வரியைப் பார்க்க வேண்டும். இங்கே பத்தும் கூட்டினால் 153. 12இன் வர்க்கம் 144, 13இன் வர்க்கம் 169. கட்டுரையே 10தான் என்பதால் சில மென்பொருள் 10 என்று நிறுத்தும், சில சுழி மேற்கோள் கட்டுரைகளைக் கற்பனையாகச் சேர்த்து 12 என்று சொல்லும். எந்த முறை என்று எழுதாமல் ஜி-இன்டெக்ஸ் போடாதீர்கள். ஐ10 எளிது, 10க்குக் குறையாத மேற்கோள் பெற்றவை 5.

சுய மேற்கோளை (தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவதை) எங்கே தேடுவது என்பதும் இந்தப் பட்டியலிலேயே தெரியும். 41க்குள் 10 சுய மேற்கோள் இருந்தாலும் ஹெச் அசையாது. வரப்பில் நிற்கும் அந்த இரண்டு 8களில் ஒன்று 7, மற்றது 6 ஆனால் ஹெச் உடனே 7. எண்ணை ஏற்ற நினைப்பவர்கள் கைவைப்பதும் அந்த வரப்பில்தான். ஆகவே 52ஐயும் நோண்ட வேண்டாம், ஹெச் எல்லைக்கு மேலும் கீழும் மும்மூன்று கட்டுரைகளைப் பார்த்தால் பெரும்பாலும் போதும்.

கே.ஆர்.பி_மதகு

படத்துக்கு வர்றேன். "மைய ஆய்வாளர்"னு தயவுசெஞ்சு எழுதாதீங்க.

நீங்க போட்டிருக்கிறது அவர் எழுதின கட்டுரைகளை மட்டும். அதில் ஒவ்வொண்ணுலயும் அவர் இருக்கார். அப்போ படத்தில் இருக்கிற எல்லாரோடும் அவருக்குக் கோடு இருந்தே தீரும், அவர் நடுவில் வராமல் வேற யார் வருவாங்க? கல்யாண வீட்டு ஆல்பத்தைப் பார்த்துட்டு மாப்பிள்ளைதான் ஊர்லயே எல்லாருக்கும் வேண்டியவர்னு சொல்ற மாதிரி.

முதல்ல மூணு வட்டத்தை ஒண்ணாக்குங்க. அதுக்கு வாஸ்வியூவரில் தெசாரஸ் கோப்பு, அதாவது எந்தப் பெயரை எதுவா மாத்தணும்ங்கிற பட்டியல், கொடுக்கணும். எக்செலில் ரெண்டு பத்தி, முதல் வரியில் ஒண்ணுக்கு "லேபிள்", அடுத்ததுக்கு "ரீப்ளேஸ் பை"னு ஆங்கில எழுத்தில். முதல் பத்தியில் தவறான வடிவம், ரெண்டாவதில் வேண்டிய வடிவம். பெயரை நினைவிலிருந்து அடிக்காதீங்க. மென்பொருளின் கடைசிப் பட்டியலில் எப்படி இருக்கோ, கால்புள்ளி, புள்ளி, இடைவெளி மாறாமல் அப்படியே எழுதணும், இல்லைன்னா சேராது. சேமிக்கும்போது டேப் டிலிமிட்டட் டெக்ஸ்ட். சி.எஸ்.வி.யா சேமிச்சா பெயருக்குள்ள இருக்கிற கால்புள்ளியே பத்தியை உடைச்சிடும்.

அப்புறம் படம் உருவாக்கும்போது கோ-ஆத்தர்ஷிப், ஆத்தர்ஸ் தேர்ந்தெடுத்து, ஃபுல் கவுன்டிங்கை விட்டுட்டு ஃப்ராக்ஷனல் கவுன்டிங் வைங்க. ஃபுல்லில் 4 பேர் எழுதின கட்டுரைக்கு 6 கோடு, 10 பேர்னா 45 கோடு, ஒவ்வொண்ணும் முழு எடை. ஒரே ஒரு பெரிய கூட்டுக் கட்டுரை படத்தையே முழுங்கிடும். ஃப்ராக்ஷனலில் 4 பேர் கட்டுரைன்னா ஒவ்வொரு ஜோடிக்கும் மூணில் ஒரு பங்கு. ஒருத்தருக்கு ஒரு கட்டுரையால வர்ற மொத்த எடை எப்பவும் 1 தான். நியூமன் 2001இல் அறிவியலாளர் வலைப்பின்னலை அளந்தப்ப கோடுகளுக்கு எடை போட்டதும் இப்படித்தான்.

குறைந்தபட்சக் கட்டுரை எண்ணிக்கை 5னு தானா வரும். 52 கட்டுரைக்கு அது அதிகம், 2 வைங்க. கடைசியில், சிலர் இணைப்பில்லாமல் இருக்காங்க, இணைந்த பெரிய தொகுதியை மட்டும் காட்டவான்னு கேட்கும். "நோ" கொடுங்க. "யெஸ்" கொடுத்தா தனியா நிற்கிற குழுக்கள் சத்தமில்லாமல் காணாமப் போயிடும்.

இப்போ முக்கியமான வேலை. பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கிற அதே இடத்தில் அவர் பெயருக்கு இருக்கிற டிக்கை எடுத்துட்டு, மறுபடி படம் போடுங்க. படம் எத்தனை துண்டா உடையுதுன்னு பாருங்க. நிலவியல்காரங்க ஒரு பக்கம், பல் மருத்துவர், எலும்பு மருத்துவர் இன்னொரு பக்கம்னு தனித்தனியா விழுந்தா, "இவரது கூட்டாசிரியர் குழுக்கள் இவர் வழியாகவே இணைகின்றன"ன்னு தைரியமா எழுதலாம். உடையவே இல்லைன்னா அவங்க எல்லாம் ஏற்கெனவே ஒரே குழு, இவர் அதில் ஒருத்தர்.

பையூர்_கேழ்வரகு

மதகு சொன்னதுக்கு மேல ஒரு படி. துறையில் அவர் இடம் என்ன என்று சொல்ல வேண்டுமானால், ஆளை வைத்துத் தேடாமல் பொருளை வைத்துத் தேட வேண்டும். ஃபுளோரைடு, நிலத்தடி நீர், அதோடு தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி என்று தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்களில் தேடி, வரும் எல்லாக் கட்டுரைகளையும் இறக்குங்கள். சிறிய தொகுதியாக வந்தால் தமிழ்நாடு முழுக்க விரியுங்கள். உங்களிடம் ஸ்கோபஸ் சந்தா இல்லாததால் ஓப்பன்அலெக்ஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளம் உங்களுக்கு வசதி. 2022இலிருந்து இலவசமாக இருக்கிறது, வாஸ்வியூவரே அதிலிருந்து தரவை எடுக்கும். பெயர்ச் சிதறல் அங்கேயும் உண்டு, தெசாரஸ் மறுபடி வேண்டும்.

அந்தப் படத்தை ஜி.எம்.எல் கோப்பாகச் சேமித்து, கெஃபி என்ற வலைப்பின்னல் மென்பொருளில் திறங்கள். ஒருவர் மற்றவர்களுக்கு இடையே எவ்வளவு பாலமாக இருக்கிறார் என்று காட்டும் பிட்வீன்னஸ் என்ற அளவு வாஸ்வியூவரில் கிடைக்காது. கெஃபியிலும் அந்தப் பெயரில் பொத்தான் தேடினால் கிடைக்காது, ஸ்டாட்டிஸ்டிக்ஸில் நெட்வொர்க் டயமீட்டர் ஓட்டினால்தான் அந்தப் பத்தி வரும். கூட்டாளிகள் 6 பேரே இருந்தாலும் இரண்டு குழுக்களுக்கு நடுவே ஒரே பாலமாக இருப்பவருக்கு இந்த எண் அதிகமாக வரும். 40 பேரோடு எழுதியும் எல்லாரும் ஒரே ஆய்வகம் என்றால் குறைவாக இருக்கும்.

மாவட்டம் வாரியாகப் பிரிப்பவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முந்தைய கட்டுரைகளில் பையூர், ஓசூர், ஊத்தங்கரை எல்லாம் தருமபுரி மாவட்டம் என்றே இருக்கும். முகவரியில் மாவட்டப் பெயரை மட்டும் வைத்துப் பிரித்தால் பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பழைய கட்டுரைகள் தருமபுரிக் கணக்கில் ஏறிவிடும். ஊர்ப் பெயரை வைத்துப் பிரியுங்கள். பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கு இன்னொரு வில்லங்கம்: ஆசிரியர் கல்லூரிப் பெயரை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தை மட்டும் எழுதியிருந்தால் கட்டுரை சேலம் கணக்கில் நிற்கும்.

இடையில் ஒரு வார்த்தை. பையூர் 1, பையூர் 2 கேழ்வரகு ரகங்களை விதைக்கிற விவசாயி யாரையும் மேற்கோள் காட்டுவதில்லை. தமிழ்த் துறையில் நல்ல நூல் எழுதியவருக்கும் ஸ்கோபஸில் சுழிதான் இருக்கும். ஒரே அட்டவணையில் எல்லாத் துறையையும் ஹெச் வரிசைப்படி அடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

நூலகம்_தருமபுரி

மூவருக்கும் நன்றி. தெசாரஸ் வேலை செய்தது, மூணு வட்டம் ஒண்ணாச்சு. கூகுள் பட்டியலில் 4 கட்டுரைகள் வேறொருவருடையவை, நீக்கியபின் ஹெச் 11. அவர் பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தால் படம் மூன்று துண்டாகுது. ஒரே சந்தேகம்: மேற்கோளை உலக சராசரியோடு ஒப்பிடும் எஃப்.டபிள்யூ.சி.ஐ. என்ற எண் 1.9 என்று ஒருவர் தந்தார். அதையும் போடலாமா?

தொப்பூர்_கணவாய்

1.0 என்பது அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலக சராசரி. 1.9 என்றால் அதைவிட 90 சதவீதம் கூடுதல். ஆனால் அது சராசரி, கட்டுரை கொஞ்சமாக இருந்தால் ஒன்றே ஒன்று எல்லாவற்றையும் தூக்கிவிடும். அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரையை நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். 1.9 ஒரேயடியாக 1.0 பக்கம் இறங்கினால் போடாதீர்கள். பெரிதாக மாறாவிட்டால் எந்த ஆண்டுகள், எத்தனை கட்டுரைகள் என்ற விவரத்தோடு போடுங்கள். அந்த சி.எஸ்.வி.யையும் தெசாரஸ் கோப்பையும் தேதி போட்டு ஒரே கோப்புறையில் வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு இதே வேலை உங்கள் தலையில்தான் விழும்.