சான்றும் கருத்தும் ஒட்டவே மாட்டேன் என்கின்றன: ஆசிரியர்களிடம் ஓர் உதவி

ஒன்பதாம் வகுப்புக்கு வாதக் கட்டுரை எழுதக் கற்றுத்தருகிறேன். தலைப்பு, நியாயமும் பாகுபாடும். 34 பேர். ஆறு வாரம் ஆகி, இரண்டாம் வரைவும் வந்துவிட்டது. கருத்து எழுதுகிறார்கள், புள்ளிவிவரமும் எழுதுகிறார்கள். இரண்டையும் இணைக்கும் வாக்கியம் மட்டும் வருவதில்லை.

ஒரு மாணவி எழுதியது: "பெண்களுக்குச் சம்பளம் குறைவு. எனவே இது பாகுபாடு." அதே வேலையா, அதே அனுபவமா, அதே நேரமா என்று ஓரத்தில் கேட்டேன். அடுத்த வரைவில் அந்த வரியையே எடுத்துவிட்டாள். அதுதான் எனக்கு வலித்தது. அவள் சொல்ல வந்தது முக்கியமான விஷயம்.

கருத்து, சான்று, காரணம் என்று மூன்று கட்டம் போட்ட தாள் கொடுத்தேன். மூன்றாவது கட்டத்தில் முதலாவதையே வேறு சொற்களில் எழுதினார்கள். ஒருவர் கட்டுரையை மற்றவர் திருத்தியதும் எழுத்துப்பிழையோடு நின்றது. அப்புறம் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 1973 மேற்படிப்புச் சேர்க்கை விவரத்தைக் காட்டினேன். மொத்தமாகப் பார்த்தால் விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம், பெண்களில் 35 சதவீதம் பேருக்கு இடம். துறைவாரியாகப் பிரித்தால் அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிடும், ஏனென்றால் பெண்கள் அதிகம் விண்ணப்பித்தது இடம் கிடைப்பதே கடினமான துறைகளுக்கு. வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால், "அப்போ எண்களை நம்பவே கூடாதா மிஸ்?" என்று பாதிப் பேர் சான்றையே கைவிட்டார்கள்.

பாகுபாட்டின் மீது அவர்களுக்குள்ள கோபத்தை அணைக்காமல், "இந்தச் சான்று இந்தக் கருத்தை ஏன் தாங்குகிறது" என்ற அந்த ஒரு வாக்கியத்தை எழுதவைக்க உங்கள் வகுப்பில் பலன் தந்த பயிற்சி எது?