கிரேவில்லிலேயே லாயம் கட்டினால் என்ன?

பீனிக்ஸ்காரன்:
நேற்று ராத்திரி சாமி அண்ணா ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். பந்தயம் ஓடுகிற இடத்திலேயே குதிரை தூங்க வேண்டுமாம். ஊருக்கு வெளியே ஷோங்வேனியில் இருக்கும் சம்மர்வெல்ட் பயிற்சி நிலையத்தில் வளர்த்து, வண்டியில் ஏற்றி, டர்பன் கிரேவில் பந்தய மைதானத்தில் இறக்குவது பாவமாம். சுல்கி என்ற சின்ன வண்டியை இழுத்தபடி பந்தயம் ஓடும் ட்ராட்டிங் குதிரைகளை உலகம் முழுக்க மைதானத்திலேயே கட்டிப் போடுகிறார்களாம். படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். அண்ணா, கிரேவில் ஓடுதளத்துக்கு நடுவில் இருப்பது கோல்ஃப் மைதானம், சுற்றிலும் ஊர். லாயத்தை எங்கே கட்டுவீர்கள், ஒன்பதாவது குழியிலா?

சாட்ஸ்வொர்த் சாமி:
இடம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை தம்பி. குதிரைக்கு எது நல்லது என்றுதான் சொன்னேன். ஷோங்வேனியிலிருந்து என்-3 நெடுஞ்சாலை இறக்கத்தில் நாற்பது நிமிடம். நாற்பது! நாலு காலில் நின்றபடி, ஒவ்வொரு வளைவிலும் உடம்பைச் சமாளித்துக்கொண்டு வருகிறது. இறங்கும்போதே பாதிப் பந்தயம் ஓடி முடித்த மாதிரி. என் தாத்தா டர்பனில் குதிரை தேய்த்தவர். காலையில் கால் தடவிப் பார்த்தே எது ஓடும், எது படுக்கும் என்று சொல்லிவிடுவார்.

பீனிக்ஸ்காரன்:
தாத்தா வந்துவிட்டார். இனி யாரும் பேசக்கூடாது. அப்புறம், நாற்பது இல்லை, முப்பது. நான் தினமும் அந்த வழியில் போகிறவன்.

சாட்ஸ்வொர்த் சாமி:
நீ ஓட்டுவது போலோ கார். நான் பேசுவது குதிரை ஏற்றிய வண்டி. மேரியன்ஹில் டோலில் ஒரு சனிக்கிழமை நின்று பார். டர்பன் ஜூலை என்ற பெரிய பந்தயத்தன்று நின்று பார். நாற்பது என்று குறைத்துத்தான் சொன்னேன்.

அம்ஷ்லாங்கா குமார்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ட்ராட்டிங் பற்றிச் சாமி ஐயா சொன்னது முழுக்கச் சரியில்லை. நான் இரண்டு வருடம் பாரிஸில் வேலை பார்த்தேன். ஜனவரிக் கடைசியில் அங்கே வான்சென் மைதானத்தில் ப்ரீ த அமெரிக் என்ற ட்ராட்டிங் பந்தயம் ஓடும், 2,700 மீட்டர். அங்கே வரும் குதிரைகளில் பல க்ரோபுவா என்ற பயிற்சி நிலையத்தில் இருப்பவை. அது 400 ஹெக்டேருக்கு மேல் இருக்கும், நடுவில் ஒரு பழைய மாளிகை. அங்கிருந்து வண்டியில்தான் வருகின்றன. நார்மண்டிப் பண்ணைகளிலிருந்து வருவதும் உண்டு. ட்ராட்டிங் குதிரை பாய்ச்சலுக்கு மாறி அப்படியே ஓடினால் பந்தயத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள். அதனால் பயிற்சி என்றால் பெரும்பாலும் நீளமான, நிதானமான ஓட்டம்தான். அதற்குப் பண்ணைப் பாதை தோதானது. ஸ்வீடனில் சோல்வல்லா மாதிரி மைதானத்தோடு லாயம் வைத்த இடங்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை.

சாட்ஸ்வொர்த் சாமி:
பார்த்தீர்களா? சோல்வல்லா. குமாரே ஒப்புக்கொண்டார்.

பீனிக்ஸ்காரன்:
கொள்ளு என்றால் வாயைத் திறப்பது, கடிவாளம் என்றால் மூடிக்கொள்வது. க்ரோபுவா உங்கள் கண்ணில் படவே இல்லையா?

மாரிட்ஸ்பர்க் மீனா:
எனக்கு ஒரு குதிரையில் ஆறில் ஒரு பங்கு இருந்தது. மீதி ஐந்து பேரும் ஆலோசனை சொல்வார்கள், பில் மட்டும் சமமாக வரும். நாள் முழுக்க லாயத்திலேயே நிற்கும். கதவு மேல்கட்டையைக் கடித்துக் கடித்து அரை நிலா மாதிரி ஆக்கிவிட்டது. தீனித் தொட்டியில் பாதி அப்படியே கிடக்கும். டாக்டர் வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார், புண். குதிரை வயிற்றில் அமிலம் நிற்காமல் சுரக்கும், மேய்ந்து மென்றால்தான் எச்சில் இறங்கி அதைத் தணிக்கும் என்றார். மருந்தோடு அரை நாள் புல்லில் விட்டோம், தொட்டி காலியாக ஆரம்பித்தது. ஆனால் பொழுது சாயும் முன் உள்ளே கட்டியாக வேண்டும். குதிரைக் கொள்ளைநோயைப் பரப்பும் அந்தப் பொடி ஈ இருட்டில்தான் கடிக்கும்.

அதெல்லாம் இருக்கட்டும். சம்மர்வெல்டில் வரிசையாகப் பல ட்ரெய்னர்களின் லாயங்கள், எல்லோருக்கும் பொதுவான ஓடுதளங்கள். அது பண்ணையா, மைதானமா? முதலில் அதைச் சொல்லிவிட்டுச் சண்டை போடுங்கள்.

சாட்ஸ்வொர்த் சாமி:
வயிற்றுப் புண் எனக்கும் இருக்கிறது மீனா. பீனிக்ஸ்காரன் எழுதுவதைப் படித்து வந்தது. வண்டியில் நாற்பது நிமிடம் நின்றால் புண் ஆறுமா?

பீனிக்ஸ்காரன்:
முப்பது.

சாட்ஸ்வொர்த் சாமி:
சீ காட்டேஜ் என்ற குதிரையைச் சுட்டது தெரியுமா உனக்கு? 1966 ஜூன், ஜூலை பந்தயத்துக்கு முன்னால். ப்ளூ லகூன் கடற்கரையில் பயிற்சி முடித்து லாயத்துக்குத் திரும்பும் வழியில் பின்தொடையில் குண்டு. மைதானத்துக்குள்ளேயே கட்டி, உள்ளேயே ஓட விட்டிருந்தால் எவன் சுடுவான்?

பீனிக்ஸ்காரன்:
ஊருக்குள் வைத்ததால்தான் சுட்டான்! மலைமேல் வேலி போட்ட பண்ணையில் இருந்திருந்தால் துப்பாக்கிக்காரன் வழி கேட்டே களைத்துப் போயிருப்பான். நீங்கள் சொன்ன கதை எனக்குத்தான் சாட்சி.

சாட்ஸ்வொர்த் சாமி:
குண்டோடு ஓடி நாலாவதாக வந்தது. அடுத்த வருடம் ஜாலிஃபையோடு சமமாக முதலிடம். டர்பன் மணலில் ஓடிய கால் தம்பி அது.

அம்ஷ்லாங்கா குமார்:
குண்டடி பட்டதும் டர்பனில்தானே ஐயா?

சாட்ஸ்வொர்த் சாமி:
குமார், நீங்கள் வந்து எத்தனை வருடம் ஆகிறது? நாங்கள் நாலு தலைமுறை. கிரேவில்லில் இந்தியர்களைத் தனி ஸ்டாண்டில் நிற்க வைத்த காலத்திலும் போய்க் கத்தியவர்கள்.

அம்ஷ்லாங்கா குமார்:
நான் க்ரோபுவா பற்றித்தானே சொன்னேன்?

பீனிக்ஸ்காரன்:
நாலு தலைமுறை அனுபவத்தில் போன ஜூலைக்கு எனக்கு ஒரு குதிரை சொன்னார். அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அந்த 200 ராண்டைப் பற்றி எந்தத் தாத்தாவும் பேசமாட்டார்.

சாட்ஸ்வொர்த் சாமி:
ஜெயிக்கும் என்று சொல்லவில்லை, முதல் நாலில் வரும் என்றேன். நீ பேராசையில் போட்டாய். அதுவும் வண்டியில் வந்த குதிரைதான். நாற்பது நிமிடம் நின்று வந்தது. வேறென்ன செய்யும்?

மாரிட்ஸ்பர்க் மீனா:
அண்ணா, அன்றைக்கு ஓடிய எல்லாமே வண்டியில் வந்தவைதான். ஜெயித்ததும் சேர்த்து.

சாட்ஸ்வொர்த் சாமி:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! எல்லாமே களைத்து வந்தவை. அதில் எது ஜெயித்தால் என்ன? கிளேர்வுட் பந்தய மைதானத்தை மூடினார்கள் 2014-ல், இப்போது அங்கே கிடங்கு. அந்த நிலத்தில் லாயம் கட்டியிருந்தால் கிரேவில்லுக்குப் பத்து நிமிடம்.

பீனிக்ஸ்காரன்:
பத்து நிமிடம் எதில்? வண்டியில்தானே? ஓடுகிற இடத்தில்தான் தூங்க வேண்டும் என்று ஆரம்பித்தது யார்?

சாட்ஸ்வொர்த் சாமி:
பத்துக்கும் நாற்பதுக்கும் வித்தியாசம் தெரியாதவனிடம் என்ன பேசுவது. சனிக்கிழமை ஷோங்வேனி வெளிவாசலில் கைக்கடிகாரத்தோடு நிற்கிறேன். உன் போலோவையும் கொண்டு வா. ஒரு வண்டியைப் பிடித்துப் பின்னாலேயே போவோம்.

பீனிக்ஸ்காரன்:
சரி. சக்கரம் உருள்வதிலிருந்துதான் கணக்கு.

சாட்ஸ்வொர்த் சாமி:
ஏற்றும் பலகையில் முதல் குளம்பு பட்டதிலிருந்து.

பீனிக்ஸ்காரன்:
அப்படியென்றால் ஏறமாட்டேன் என்று அது அடம் பிடிப்பதையும் சேர்த்து நாற்பது ஆக்கிவிடுவீர்கள்.

சாட்ஸ்வொர்த் சாமி:
ஏன் அடம் பிடிக்கிறது என்று யோசி. நாற்பது நிமிடம் என்று அதற்குத் தெரியும்.

மாரிட்ஸ்பர்க் மீனா:
சம்மர்வெல்ட் பண்ணையா, மைதானமா?

பீனிக்ஸ்காரன்:
முப்பது.