பயிற்றங்காய் வேரில் முடிச்சே இல்லை. ஓசோன்தான் காரணமா? அவசரம்

லயத்துக்கொல்லை (சுங்கை சிப்புட்)
வணக்கம். பயிற்றங்காய் இலை முழுவதும் புள்ளி. ஒரு செடியைப் பிடுங்கினேன், வேரில் முடிச்சே இல்லை. ஓசோன் மாசு மண்ணில் உள்ள நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும் என்று படித்தேன். வீடு பெரிய சாலையை ஒட்டி இருக்கிறது, லாரிகள் ஓய்வதில்லை. நுண்ணுயிர்க் கரைசல் ஒரு போத்தல் 38 வெள்ளி. வாங்கி ஊற்றலாமா? இன்று மாலைக்குள் சொல்லுங்கள்.

செம்பனைக்காரன்
விதைத்து எத்தனை வாரம்? புள்ளி மேற்புறமா, அடிப்புறமா? முதிர்ந்த இலையிலா, கொழுந்திலா? என்ன உரம் போடுகிறீர்கள்?

கிந்தாக்கரை
உரம் எதற்கு? ஓசோன்தான். வண்டிப் புகையில் வெயில் பட்டால் உண்டாவது அதுதானே.

மண்புழு (மூத்த உறுப்பினர்)
அடிப்படையைப் படித்துவிட்டு எழுதினால் எல்லோருக்கும் நேரம் மிஞ்சும். ஓசோன் மண்ணுக்குள் இறங்கிக் கொல்வதில்லை. மண்ணின் மேற்பரப்பிலேயே சிதைந்துவிடும். அது நுழைவது இலைத்துளை வழியாக. ஒளிச்சேர்க்கை குறையும், வேருக்கு இறங்கும் சர்க்கரையும் குறையும். வேர் கசியவிடுவதை உண்டுதான் சுற்றியுள்ள பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. வேரோடு ஒட்டி வாழும் வேர்ப்பூஞ்சைக்கும், முடிச்சில் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தரும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவுக்கும் செடிதான் சோறு போடுகிறது. உலை கொதிக்காத வீட்டுக்கு இன்னும் பத்து விருந்தாளிகளை அழைத்து என்ன பயன்? போத்தலை வாங்காதீர்கள்.

கிந்தாக்கரை
அப்படியானால் ஓசோன் காரணம் என்று நான் சொன்னது சரிதானே?

மண்புழு
இல்லை. சாலையோரத்தில் வண்டிப் புகையோடு புதிதாக வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு வாயு ஓசோனைத் தின்றுவிடும். அந்தப் புகை காற்றோடு நகர்ந்து வெயில் பட்ட பிறகு, நகரத்தைத் தாண்டிக் காற்று போகும் பக்கத்தில்தான் பெரும்பாலும் ஓசோன் கூடும்.

பால்மரத்துப்பிள்ளை
செம்பனையை (எண்ணெய்ப்பனை) ஏன் யாரும் பேசவில்லை? 2008-இல் மலேசியாவின் சபா மாநிலத்தில் அளந்தார்கள். மழைக்காட்டைவிடச் செம்பனைத் தோட்டம் ஐசோப்ரீன் என்ற வாயுவை அதிகம் வெளியிட்டது. ஓசோனுக்கு அதுவும் மூலப்பொருள்.

செம்பனைக்காரன்
முப்பது வருடம் அந்த மரத்தடியில் வேலை செய்தவன் நான். வண்டிப் புகையில் வருவதுபோன்ற நைட்ரஜன் ஆக்சைடு சேராமல் ஐசோப்ரீன் மட்டும் ஓசோனைக் கூட்டிவிடாது. மரத்தின் மேல் பழி போடாதீர்கள்.

பால்மரத்துப்பிள்ளை
ஐயா, மரத்தைச் சொல்லவில்லை. மரத்துக்குக் கொட்டும் உரத்திலிருந்தும் நைட்ரஜன் ஆக்சைடு கிளம்புகிறதே!

கறிவேப்பிலை
தங்கை கேட்டதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அம்மா, வேரில் வீக்கம் ஏதாவது இருந்ததா? விரலால் தேய்த்ததும் உதிர்ந்தால் முடிச்சு. உதிராமல் வேரே தடித்திருந்தால் வேரைத் தாக்கும் நூற்புழு.

லயத்துக்கொல்லை
வீக்கம் இல்லை அக்கா. விதைத்து 5 வாரம். வாரம் ஒரு கைப்பிடி யூரியா போடுகிறேன். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

செம்பனைக்காரன்
இதைத்தானே முதலில் கேட்டேன்! யூரியா நைட்ரஜன் உரம். நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு கட்டாது. யூரியாவை நிறுத்துங்கள். பூக்கும் சமயத்தில் ஒரு செடியைத் தோண்டி, முடிச்சு இருந்தால் நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் பிடிக்கும் வேலை நடக்கிறது.

மண்புழு
புள்ளிக்கு இன்னும் பதில் வரவில்லை. முதிர்ந்த இலையின் மேற்புறத்தில், நரம்புகளுக்கு இடையே மட்டும் பொடிப்பொடியாக இருந்தால் ஓசோனைச் சந்தேகிக்கலாம். அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்.

லயத்துக்கொல்லை
அடிப்புறத்தில் மெல்லிய வலை, சிவப்பாக ஏதோ ஊர்கிறது. யூரியாவை நிறுத்திவிட்டேன். நன்றி.

கறிவேப்பிலை
அது சிலந்திப்பேன் அம்மா. அடிப்புறம் நன்றாக நனையும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பூத்ததும் வேரைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.