பழைய டிவிடி றைற்றரில லேசர் டயோட் கழட்டினாக்கள் பகிருங்கோ

கிளிநொச்சி:
பழைய இரும்புக்கடைக்கு வாற கொம்பியூற்றர் பெட்டிகளில என்ன ட்றைவ் இருக்கெண்டு பாத்து எடுங்கோ. டிவிடி-ரொம், வீட்டு டிவிடி பிளேயர் ரெண்டும் வாசிக்கிறதுக்கு மட்டும்தான். அதில சிவப்பு டயோட் 5 மில்லிவாற் அளவு. 16எக்ஸ், 20எக்ஸ் வேகத்தில எழுதுற றைற்றரில 100 மில்லிவாற்றுக்கு மேல வரும். லப்ரொப் றைற்றரை விடுங்கோ, அதின்ர டயோட் சின்னன், டயோட்டைப் பூட்டுற வழமையான 5.6 மில்லிமீற்றர் கூட்டுக்குள்ள நிக்காது.

முன்பக்கச் சின்ன ஓட்டைக்குள்ள கம்பி குத்தித் தட்டைத் திறந்து, அடியில இருக்கிற நாலு ஆணியையும் கழட்டினால், ரெண்டு தண்டில ஓடுற லென்ஸ் வண்டில் தெரியும். டயோட்டுக்குப் போற றிபனை (தட்டை வயரை) உடன வெட்டாதேங்கோ, நிலைமின் பட்டால் டயோட் செத்திடும். முதல் டயோட்டின்ர மூண்டு காலையும் ஒரு செப்பு இழையால சேத்துச் சுத்துங்கோ. பிறகுதான் ஈயத்தை உருக்கி றிபனை எடுக்கிறது. ஒரு காலில மூண்டு செக்கனுக்கு மேல ஈயம் உருக்கிற அயன் நிக்கக் கூடாது. டயோட்டைப் பிடிச்சிருக்கிற உலோகத்துண்டை ஸ்குறூ ட்றைவரால நெம்பினால் முகப்புக் கண்ணாடி போயிடும். பசையைச் சுரண்டி, உலோகத்தைக் கட்டரால ஓரம் ஓரமா வெட்டி எடுங்கோ.

மாங்குளம்:
அண்ணை சொன்ன செப்பு இழை முக்கியம். ஆனால் எங்கட பக்கம் கனக்க டயோட் சாகிறது ரெண்டு முள் பிளக் அயனாலதான். ஏர்த் இல்லாததால நுனியில கசிவு மின் நிக்கும். அயன் நல்லாச் சூடானவுடன பிளக்கைக் கழட்டிப்போட்டுத் தொடுங்கோ. மூண்டு காலுக்கும் அந்தச் சூடு காணும்.

கால் எது எண்டு பாக்க ரெண்டு பென்ரோர்ச் பற்றறி, 47 ஓம் தடையி போதும். 20 மில்லியம்பியர் அளவுதான் போகும். பிளஸ் மைனஸ் மாறிக் குடுக்கேக்க வோல்ற்றளவு 2 தாண்டினால் பல டயோட் தாங்காது. அதால டயோட்டுக்குக் குறுக்க 1என்4148 எண்ட சின்னச் சாதாரண டயோட் ஒண்டை எதிர்த்திசையில போட்டிட்டு மாத்தி மாத்திப் பாருங்கோ. சிவப்பெண்டால் மங்கலா எரியும். ஒண்டும் தெரியாட்டி 780 நனோமீற்றர் அகச்சிவப்பா இருக்கலாம், போன் கமராவில ஊதா வெள்ளையாத் தெரியும். றைற்றரில ரெண்டு நிறமும் ஒரே கூட்டுக்குள்ளயும் வரும், தனித்தனியாவும் வரும்.

வவுனியா:
நேரா பற்றறியில குடுக்கிறது சரியான பிழை. டயோட்டுக்கு வேணும் மட்டான மின்னோட்டம். அதுக்கு எல்எம்317 எண்ட மூண்டு கால் ஐசி. அதின்ர வெளிவாய்க்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவில ஒரு தடையி: 1.25 வோல்ற்றை ஓமால பிரிச்சால் அம்பியர். 10 ஓமுக்கு 125 மில்லியம்பியர், வாசிக்கிற டயோட்டுக்கு 39 ஓம் (32 மில்லியம்பியர்). திருகி அளவு மாத்துற தடையி போடாதேங்கோ, தூசி பிடிச்சுத் தொடுப்பு விட்டால் மின்னோட்டம் துள்ளும்.

முதல் லேசர் டயோட்டுக்குப் பதிலா ஒரு பொய்ச்சுமை போட்டுப் பாருங்கோ: 1என்4001 சாதாரண டயோட் நாலு தொடராக, கூட 1 ஓம். அந்த 1 ஓமுக்குக் குறுக்க எத்தனை மில்லிவோல்ற்றோ அத்தனை மில்லியம்பியர். சரியெண்டால் மின்னை நிப்பாட்டி, லேசர் டயோட் வாற இடத்துக்குக் குறுக்க போடுற 47 மைக்ரோபரட் கொள்ளளவியின்ர கால் ரெண்டையும் கட்டாயமாத் தொட்டு வெறுமையாக்கிப்போட்டுத்தான் டயோட்டைச் சேர்க்கிறது. டயோட் இல்லாமல் ஓடின மின்சுற்றில கொள்ளளவி பற்றறி வோல்ற்றளவுக்குக் கிட்ட ஏறி நிக்கும். அப்பிடியே சேர்த்தால் ஒரு நொடியில முடிஞ்சுது. 12 வோல்ற் மோட்டார் சைக்கிள் பற்றறி எண்டால் எல்எம்317 ஒரு வாற் அளவு சூடாகும், அலுமினியத் தகடு வேணும்.

செத்த டயோட்டும் எரியும், அதுதான் ஏமாத்துறது. நல்லதெண்டால் சுவரில விழுற வெளிச்சம் பொடிப்பொடியா மினுங்கும். செத்தது எல்ஈடி மாதிரி வெறும் மங்கல் சிவப்பு. சித்திரை வெயிலில கூடு சூடானால் வெளிச்சம் குறையும். அப்ப மின்னோட்டத்தை ஏத்துறவை டயோட்டைக் கொல்லுகினம், நிப்பாட்டி ஆறவிடுங்கோ.

முல்லைத்தீவு:
கண்ணைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. றைற்றர் டயோட்டுக்குக் கண் சிமிட்டுற நேரம் காணாது. மலிவா வாற செம்மஞ்சள் கண்ணாடி நீல லேசருக்கு. சிவப்பு அதுக்குள்ளால அப்பிடியே போகும். 650 நனோமீற்றருக்கு ஓடி (OD, வெளிச்சத்தை எவ்வளவு மறிக்குமெண்ட அளவு) 4 எண்டு அடிச்ச கண்ணாடி வேணும். அகச்சிவப்பு இன்னும் மோசம், கண் கூசவே கூசாது. அதை எடுத்து எறியுங்கோ.

கட்டாக்காலி மாடு வயலுக்குள்ள வாறதை அறிய றைற்றர் டயோட் தேவையே இல்லை. வாசிக்கிற டயோட், 39 ஓம், ஒரு லென்ஸ். மற்ற வரம்பில எல்டிஆர் (வெளிச்சம் பட்டால் தடை குறையிற துண்டு), கறுப்படிச்ச அரையடி பீவீசி பைப்புக்குள்ள. மாடு கதிரை மறிச்சால் மணி அடிக்கும். வெயில் விழாத பக்கமாப் பைப்பைத் திருப்புங்கோ. கதிர் முழங்கால் உயரத்தில போகோணும், பிள்ளையளின்ர கண் மட்டத்தில வேண்டாம், றோட்டுப் பக்கம் நீட்டவே கூடாது.

மாங்குளம்:
மார்கழி, தையில விடியப்புறம் லென்ஸில பனி பிடிச்சு மணி தன்பாட்டில அடிக்கும். லென்ஸுக்கு முன்னால ரெண்டங்குலம் பைப்பை நீட்டி விட்டால் காணும்.